மாதம் ஒரு லாரி போதும்: கிராம சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த கிராம சபை உறுப்பினர்களே,



தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். ஆகவே இந்த மடலைத் தலைவருக்கும் செயலருக்கும் மட்டும் எழுதவில்லை. வாசல் கூட்டிக் கோலம் போடுகிறவருக்கும், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கும், பெட்டிக்கடை நடத்துகிறவருக்கும், டவுனுக்கு வேலைக்குப் போய் இரவு பஸ்ஸில் திரும்புகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் சுகாதாரம் என்று ஒரு பொருள் வாசிக்கப்படும். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். குடிநீர் வரவில்லை என்றால் எழுந்து கேட்கிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சத்தம் போடுகிறோம். குப்பைக்காக எழுந்து பேசுகிறவர் அரிது. அடுத்த கூட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிராமத்தில் குப்பை எப்போதும் இருந்தது. சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், சருகு எல்லாம் கொல்லையில் இருந்த எருக்குழிக்குப் போயின. கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடித்தோம். ஓட்டை அண்டாவும் தேய்ந்த கொழுவும் பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்தன. தூக்கி எறிவதற்கென்று மிஞ்சியது மிகவும் கொஞ்சம். அதனால் குப்பையை அகற்றத் தனியாக ஓர் ஏற்பாடு நமக்குத் தேவைப்படவில்லை.

இன்று கடைச்சரக்கு மாறிவிட்டது. ஷாம்பு சாஷேயும் சிப்ஸ் பாக்கெட்டும் பான்மசாலா உறையும் எந்தக் குக்கிராமத்துக் கடையிலும் சரம் சரமாகத் தொங்குகின்றன. குழந்தைக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஊசி, வயலுக்குப் பூச்சிமருந்து பாட்டில், ஆன்லைனில் வாங்கியதைச் சுற்றி வரும் நெகிழி உறை என்று வீட்டுக்குள் வருபவை பெருகிவிட்டன. இவற்றில் பல நம் வாழ்க்கையை எளிதாக்கியவை. வாங்கியதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும் வேன் கடைசித் தெருவரை தவறாமல் வருகிறது. காலியான உறையைத் திரும்ப எடுத்துப்போக எந்த வண்டியும் வருவதில்லை. நம் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வண்டி வராத ஊரில் தீக்குச்சிதான் குப்பையை அகற்றுகிறது. காலையில் கூட்டிப் பெருக்கிய கையோடு தெருமுனையில் பற்றவைத்துவிடுகிறோம். முன்பு சருகை எரித்தவர்கள்தானே நாம், இதிலென்ன என்று தோன்றும். ஆனால் சருகுப் புகையும் பிளாஸ்டிக் புகையும் ஒன்றல்ல. குப்பைமேட்டு நெருப்பு சூடு போதாமல் புகைந்து புகைந்து எரிவது. அதில் பிளாஸ்டிக் முழுதாக எரியாமல் நுண்ணிய கரித்துகளாகவும் நச்சு வாயுவாகவும் பிரிகிறது. பிவிசி குழாய்த் துண்டோ, ஃப்ளெக்ஸ் பேனரோ, ஒயர் உறையோ கலந்திருந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. அது காற்றோடு கலைந்து போய்விடுவதில்லை. புல்லில் படிந்து மாட்டின் வழியாகப் பாலுக்கும், மண்ணைக் கிளறும் நாட்டுக்கோழி வழியாக முட்டைக்கும் வருகிறது. உடம்புக் கொழுப்பில் தங்கிய டையாக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பவர், நெருப்பின் பக்கத்தில் குச்சியோடு நின்று கிளறிவிடும் நம் வீட்டுப் பெண்.

எரிக்காமல் விட்டது ஓடைக்குப் போகிறது. ஊருக்குக் கீழே இருக்கும் வாய்க்காலையும் மதகையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தெருவுக்குள் ஏறுவதற்குப் பல இடங்களில் பாலித்தீன் அடைப்பும் ஒரு காரணம். சோறு ஒட்டிய பையை மாடு அப்படியே விழுங்குகிறது. அது செரிக்காமல் முதல் வயிற்றில் உருண்டு திரண்டு, மாடு தீவனம் எடுக்காமல் மெலிந்து போகிறது. தேங்காய்த் தொட்டியிலும் பிளாஸ்டிக் கப்பிலும் பழைய டயரிலும் தேங்கும் மழைநீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். மருத்துவமனைச் செலவு, மாட்டின் விலை, மூழ்கிய பயிர் என்று குப்பைக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் நமக்காக உழைக்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதும் ஊராட்சிகளில் 60,000க்கும் மேற்பட்ட தூய்மைக் காவலர்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், பலர் பட்டியல் சமூகத்தவர். மாதம் சில ஆயிரம் ரூபாய்தான் ஊதியம். நாம் ஒரே வாளியில் போட்டுக் கொடுத்த சோற்றையும் நாப்கினையும் உடைந்த பாட்டிலையும் ஊசியையும் அவர்கள்தான் கொட்டிப் பிரிக்கிறார்கள், பல இடங்களில் கையுறைகூட இல்லாமல். மற்றவர் கழிவைத் தொடுவது சிலருக்கு விதிக்கப்பட்ட வேலை என்று நூற்றாண்டுகளாக நம் ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. குப்பையைக் கலந்து கொடுக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வழக்கத்துக்கு நாம் உயிர் கொடுக்கிறோம். வீட்டிலேயே பிரிப்பது சுகாதாரத்துக்காக மட்டுமல்ல. என் வீட்டுக் கழிவுக்கு நான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வது அது. இந்த மடலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

நகராட்சியில் இருப்பதுபோல் நமக்கும் தினசரி லாரி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஊராட்சிக்கு அது கட்டுப்படியாகாது. 12,500 ஊராட்சிகளுக்குள் ஏறத்தாழ 79,000 குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வயலும் காடும். ஆறு இடத்துக்கும் தினமும் வண்டி ஓட்டினால் டீசலுக்கே நிதி தீர்ந்துவிடும். நகரத்தில் ஒரே தெருவில் கிடைக்கும் குப்பைக்கு நாம் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நகரத்து ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்ததால்தான் பல ஊர்களில் மூன்று சக்கர வண்டி துருப்பிடித்து நிற்கிறது. பேட்டரி வண்டி பழுதான பிறகு எழுவதே இல்லை.

ஆனால் நகரத்துக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது: மண். தினமும் வண்டி தேவைப்படுவது அழுகும் குப்பைக்குத்தான். அழுகுவதுதான் நாறும், ஈ மொய்க்கும், நாயை வரவழைக்கும். அதை வீட்டுக் கொல்லையிலேயே நிறுத்திக்கொண்டால் மிச்சமிருப்பது காய்ந்த உறை, பாட்டில், கண்ணாடி, உலோகம். கழுவிக் காயவைத்தால் அவை நாறுவதில்லை. ஒரு மாதம் மூட்டையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள். ஒன்றியத்துக்கு ஒரே ஒரு லாரி இருந்து, நாளுக்கு இரண்டு ஊராட்சி போனாலும், மாதத்துக்குள் எல்லா ஊரையும் சுற்றிவிடும். மக்கும் குப்பை வீட்டைத் தாண்டக் கூடாது, மக்காத குப்பை ஊரில் தங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை நடத்துவதற்கான வழிமுறை.

மக்கும் குப்பைக்கு நம் பாட்டன் வெட்டிய குழியே போதும். ஈரமான காய்கறித் தோலைப் போட்டால் அதன் மேல் இரண்டு மடங்கு சருகோ வைக்கோலோ போட வேண்டும். கொஞ்சம் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் நாறும், காய்ந்துபோனால் மக்காது. பிழிந்த துணி அளவு ஈரம் இருந்தால் சரி. இடையிடையே கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார். கொல்லை இல்லாத வீடுகளுக்குத் தெருவுக்கு ஒரு பொதுத் தொட்டி கட்டலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கட்டிய மண்புழு உரக்கூடம் உங்கள் ஊரில் இருக்கலாம். அது பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று சபையில் கேளுங்கள்.

மக்காதவற்றில் இரண்டு வகை உண்டு. அட்டை, இரும்பு, பால் கவர், எண்ணெய் கேன், பிளாஸ்டிக் பாட்டில் இவற்றுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. மகளிர் குழு சேர்த்து விற்றால் அந்தப் பணம் குழுவுக்கே. விலை போகாததுதான் சங்கடம்: பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ் உறை, சாஷே, மெல்லிய கேரி பை. இவற்றைக் காயலான் கடைக்காரரும் தொட மாட்டார். ஆனால் இவற்றுக்கும் போக்கிடம் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், ஏறத்தாழ 160 டிகிரிக்கு மேல் சூடாக்கிய ஜல்லியின் மீது பொடித்த பிளாஸ்டிக்கைத் தூவினால், அது எரியாமல் உருகி மேலே படலமாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு தார் கலந்து சாலை போடுகிறார்கள். நம் கிராமச் சாலைகள் பலவற்றில் இந்த முறை பயன்பட்டிருக்கிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாலைக்கும் ஆகாததைச் சிமென்ட் ஆலைகள் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கின்றன. அங்கே சூளைக்குள் சரக்கே 1,450 டிகிரி அளவுக்குச் சூடாகிறது என்பதால் தெருமுனை நெருப்பில் உண்டாகும் நஞ்சு அங்கே சிதைந்துவிடும். அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் சிமென்ட் ஆலைகள் உள்ள மாநிலம் இது. 2022இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்களே அந்த உறையைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். சட்டம் இருக்கிறது, ஆலை இருக்கிறது. நடுவில் விடுபட்டிருப்பது நம் ஊரிலிருந்து புறப்பட வேண்டிய அந்த மாதாந்திர லாரிதான்.

சில பொருள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பூச்சிமருந்து பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுத் தனியாக வையுங்கள். அதில் எண்ணெயோ தண்ணீரோ பிடித்து வைக்கவே கூடாது. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுக் கொடுங்கள். ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் வையுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு இரண்டாம் கட்டத்துக்கு 2020இல் ஒப்புதல் கிடைத்தது. அதில் திடக்கழிவு மேலாண்மைக்கு 5,000 பேர் வரை உள்ள ஊருக்கு ஆள் ஒன்றுக்கு 60 ரூபாய், அதற்கு மேற்பட்ட ஊருக்கு 45 ரூபாய் என்று வகுத்தார்கள். 3,000 பேர் உள்ள ஊருக்கு 1,80,000 ரூபாய். ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைக் கூடம் அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை தரவும் அதில் இடம் இருந்தது. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு 2021 முதல் 2026 வரை வழங்கிய மானியத்தில் 30 விழுக்காட்டைச் சுகாதாரப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று விதி இருந்தது. உங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, நம் ஒன்றியத்துக் கூடம் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்கவும் கணக்கைப் பார்க்கவும் சபைக்கு முழு உரிமை உண்டு. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அப்போதும் கிராம சபை கூடியது. மன்றத்துக்குப் பதவிக்காலம் உண்டு, சபைக்குக் கிடையாது.

நடக்கிற காரியமா இது என்று தயங்குகிறவர்களுக்குப் பக்கத்து மாநிலத்தைக் காட்டுகிறேன். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் ஹரித கர்ம சேனை என்ற பெயரில் வீடு வீடாகப் போய், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். கிராமப்புற வீடுகள் இதற்கு மாதம் 50 ரூபாய் கட்டணம் கொடுக்கின்றன. அந்தப் பெண்களுக்கு அது வருமானம். ஆரம்பத்தில் அங்கும் கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். வண்டி சொன்ன நாளில் தவறாமல் வந்தால்தான் கதவு திறக்கும். நம் நீலகிரியில் 2022இல், மதுபாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை உயர் நீதிமன்ற உத்தரவால் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. வயல் வரப்பில் உடைந்த பாட்டில் கிழித்த காலோடு நின்றிருக்கிறவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயின் அருமை தெரியும்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு உத்தரவிட்டது. கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. உங்கள் கழிவு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வென்ற கிராமங்கள் அவை. இதே நியாயத்தை உறை விற்கும் நிறுவனங்களிடமும் நாம் பேச வேண்டும். அதற்கு முன், நம் ஊர்க் குப்பையை எல்லை தாண்டிப் புறம்போக்கிலும் பக்கத்து ஊர் ஓடையிலும் கொட்டுவதை நாம் நிறுத்தியிருக்க வேண்டும்.

எதிர்க்கேள்விகள் வரும், வரட்டும். “பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” உண்மையான குறை இது. மக்கும் குப்பை வண்டிக்கே போகாவிட்டால் ஒன்றாகக் கொட்ட வழியில்லை. “எங்கள் தெருப் பக்கம் யாரும் வருவதில்லையே?” ஊரின் கடைசித் தெருவிலிருந்தும், இதுவரை ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்தும் வண்டி புறப்பட வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாம். “விசேஷ வீட்டுக் குப்பையை என்ன செய்வது?” தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் தாள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. மகளிர் குழு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும்; குழுவுக்கும் வருமானம் கிடைக்கும்.

பேச்சோடு முடியாமல் இருக்க, சபையில் முன்மொழிய ஒரு தீர்மானத்தையும் எழுதித் தருகிறேன். ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள்.

“நமது ஊராட்சியில்,

1. மக்கும் குப்பையை ஒவ்வொரு வீடும் தன் எருக்குழியிலோ தெருப் பொதுத் தொட்டியிலோ மக்கவைக்க வேண்டும்.

2. மக்காத குப்பையைக் கழுவிக் காயவைத்து, வாரம் ஒருமுறை குறித்த கிழமையில் தூய்மைக் காவலரிடம் தர வேண்டும். வண்டி கடைசிக் குக்கிராமத்திலிருந்து புறப்பட வேண்டும்.

3. சேர்ந்த மக்காத குப்பையை மாதம் ஒருமுறை லாரி அனுப்பி எடுத்துச்செல்ல ஊராட்சி ஒன்றியத்தைக் கோருகிறோம். லாரி வந்த நாளும் எடையும் அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

4. பொது இடத்திலும் வீட்டு வாசலிலும் குப்பை எரிப்பதை இந்த ஊர் கைவிடுகிறது.

5. தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் வழங்க வேண்டும். ஊதியம் மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும். வழங்கிய விவரம் சபையில் படிக்கப்பட வேண்டும்.

6. திடக்கழிவு வரவு செலவு ஒவ்வொரு கிராம சபையிலும் படிக்கப்பட வேண்டும்

எனக் கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.”

ஆறு வரிகளில் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் பங்கைச் செய்துகாட்டிவிட்டு மூன்றாவது வரிக்காக ஒன்றிய அலுவலகத்தின் கதவைத் தட்டினால், மறுத்துச் சொல்ல அவர்களிடம் காரணம் இருக்காது. அக்கம்பக்கத்து ஊராட்சிகளும் இதே தீர்மானத்தை நிறைவேற்றினால் லாரியை அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியும் இருக்காது. எனவே இந்த மடலைப் படித்து முடித்ததும் பக்கத்து ஊரில் இருக்கும் உங்கள் சம்பந்தி வீட்டுக்கும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் சுகாதாரம் என்ற பொருள் வாசிக்கப்படும்போது, “ஒரு நிமிடம், இதில் பேச வேண்டியிருக்கிறது” என்று எழுந்து நில்லுங்கள்.

அன்புடன்,
வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள,
உங்களைப் போன்ற ஒரு கிராம சபை உறுப்பினர்